இரண்டு ஷிப்ட் அட்டவணையும் என் கல்யாணமும்

"காலையில எட்டு மணிக்குப் போயி சாயங்காலம் அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வர்ற மாப்பிள்ளையா பாரு." அம்மா ஒரே பிடியாக நின்றார். எனக்கோ துறைமுகத்தில் இரவு வேலை பார்க்கும் ஒருவரைப் பிடித்துத் தொலைத்திருந்தது. நானும் சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட்தான். இரண்டு இடத்திலும் ஒரே முறை: நான்கு இரவு வேலை, இரண்டு இரவு ஓய்வு.

"உனக்கு லீவுன்னா அவனுக்கு வேலை. அவனுக்கு லீவுன்னா உனக்கு வேலை. இது குடும்பமா, பஸ் ஸ்டேஷனா?"

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஆனாலும் இந்த விஷயத்தில் அம்மாவிடம் முழு மூச்சாகச் சண்டை போட முடியவில்லை. காலமான அப்பாவும் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை பார்த்தவர். அம்மா எத்தனையோ வருஷம் தட்டை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் தனியாகச் சாப்பிட்டார். அவர் பயம் எனக்குப் புரியாமல் இல்லை.

கடைசியில் அம்மாவே ஒரு சவால் விட்டார். "ரெண்டு பேரும் ஒண்ணா வீட்டுல இருக்குற நாளைக் காட்டு. காட்டிட்டா நான் வாயே திறக்கல. இல்லேன்னா ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்க வர்றவங்க முன்னால ஒழுங்கா சேலை கட்டிக்கிட்டு நிக்கணும் லா."

இவ்வளவுதானே என்று சிரித்தேன். எங்கள் தொழிற்சாலையில் அப்போதுதான் எனக்குக் கணினித் தகவல்களைத் தேடி எடுக்கும் எஸ்.க்யூ.எல். பயிற்சி கொடுத்திருந்தார்கள். அந்த வாரப் பாடம் இன்னர் ஜாயின், அதாவது இரண்டு பட்டியல்களை ஒன்றாக இணைக்கும் வழி. எனக்குத் தலைகால் புரியாத உற்சாகம். கண்ணில் பட்டதையெல்லாம் ஜாயின் செய்து பார்க்கிற வெறியில் இருந்தேன்.

கணினியில் இரண்டு டேபிள், அதாவது இரண்டு பட்டியல், போட்டேன். ஒன்றில் என் ஓய்வு நாள்கள், இன்னொன்றில் என் துறைமுகக்காரருடையவை, இரண்டுமே ஒரு வருஷத்துக்கு. அவர் போனில் அனுப்பிய ஷிப்ட் தாளைப் பார்த்து அப்படியே தட்டினேன். இந்தத் தேதியும் அந்தத் தேதியும் சமமாக இருந்தால் சேர் என்று ஒரு நிபந்தனை. இன்னர் ஜாயின் ரொம்பக் கறார். இரண்டு டேபிளிலும் இருக்கிற தேதியை மட்டும்தான் கொடுக்கும். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லையென்றால் அந்த வரியை ஈவு இரக்கமில்லாமல் விட்டுவிடும். எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

அம்மாவை மடிக்கணினி முன்னால் உட்காரவைத்து, பெரிய வித்தைக்காரி மாதிரி பொத்தானை அழுத்தினேன்.

ஒரு வரிகூட வரவில்லை. வெறும் தலைப்பு மட்டும் நின்றது.

கைதட்டிச் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அம்மா சிரிக்கவே இல்லை. "தேத்தண்ணி போடட்டுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் சாயங்காலம் என் துறைமுகக்காரர் பட்டர்வொர்த்திலிருந்து கடல் தாண்டி ஃபெரிப் படகில் வந்தார். படகுத்துறைக்கு எதிரே நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும், தமிழ் முஸ்லிம்காரர் நடத்தும் மாமாக் கடையில், திரையை அவர் பக்கம் திருப்பிவைத்துப் பொரிந்து தள்ளினேன். "பாரு, ஒரு நாள் இல்ல. வருஷம் முழுக்க ஒரே ஒரு நாள்கூட இல்ல. நமக்குக் கொடுத்து வைக்கல, அவ்வளவுதான். நான் சேலைக்கு இஸ்திரி போடப் போறேன்."

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப போன செவ்வாக்கிழமை சாயங்காலம் இதே கடையில உங்கூட மீ கோரேங் சாப்பிட்டது யாரு, பேயா?"

"வாயை மூடு லா" என்றேன். சொன்ன பிறகுதான் சுரீர் என்றது. அன்றைக்கு நாங்கள் கடை மூடும்வரை உட்கார்ந்து பேசினோம். எனக்கும் ஓய்வு, அவருக்கும் ஓய்வு. ஆனால் அவருடைய டேபிளில் அந்தச் செவ்வாய் வேலை நாளாக இருந்தது.

"திங்கக்கிழமை ராத்திரி உள்ள போனேன், செவ்வாய் காலையில வந்துட்டேன். அதான் செவ்வாய்னு இருக்கு" என்றார். "எங்க இடத்துல வேலை முடிஞ்சு வெளிய வர்ற தேதியைத்தான் போடுவாங்க."

"ஐயோ! எங்க இடத்துல உள்ள போற தேதி! இதை முன்னாலயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"நீ கேட்டாத்தானே லா."

அடிக்கக் கை ஓங்கினேன், ஆனால் கைக்கு வேறு வேலை இருந்தது. அவருடைய டேபிளைத் தொடவே இல்லை. நிபந்தனையில் மட்டும், அவர் தேதியில் ஒரு நாளைக் கழித்துவிட்டு என் தேதியோடு பொருத்து என்று மாற்றி அழுத்தினேன். வரிகள் கொட்டின. ஆறு நாளுக்கு ஒன்று வீதம், மாதம் மாதமாகக் கீழே இறங்கிக்கொண்டே போனது. நான் போட்ட கூச்சலில் கடையே திரும்பிப் பார்த்தது. கடைக்கார அண்ணே என்ன ஏது என்று கேட்காமலே இரண்டு கிளாஸ் தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், கொண்டுவந்து வைத்தார்.

வீட்டுக்குள் செருப்போடு ஓடினேன். அம்மா பயிற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மடிக்கணினியை அவர் முன்னால் வைத்தேன்.

"நேத்து ஒண்ணுமே இல்ல. இன்னிக்கு எப்படி இவ்வளவு? ஏதும் தில்லுமுல்லு பண்ணியா?"

தேதிக் கணக்கைச் சொன்னேன். அம்மா பாதியிலேயே தலையாட்டினார். "ஆமா, உங்கப்பா தாள்லயும் அப்படித்தான் இருக்கும். எந்த ராத்திரி வேலைன்னு நான் அவர்கிட்ட கேட்டுக்கிட்டே இருப்பேன்."

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு விரலால் திரையைக் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தார். டிசம்பர்வரை போனார்.

"நானும் உங்கப்பாவும் ஒரு வருஷத்துல இதுல பாதி நாள்கூட ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டதில்லடி" என்றார்.

அப்புறம் போனை எடுத்து ஞாயிற்றுக்கிழமைக்காரர்களை அழைத்தார். "மன்னிச்சுக்குங்க அக்கா, எங்க பிள்ளைக்கு இடம் முடிவாயிருச்சு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பயிற்றங்காய் எல்லாம் தரையில் சிதறியது. அம்மா என்னைத் தள்ளிவிட்டுத் திரையைக் காட்டினார். "இதுல இனி வர்ற முதல் நாள் எது? அன்னிக்கு அந்தப் பையனைச் சாப்பிட வரச் சொல்லு. மூணு தட்டு வைக்கிறேன்."