பேச்சியம்மாளுக்காக இருநூறு பொப்பியா

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் அதிகம் எழுதியது என் பெயர்தான், அதுவும் சம்பளச் சீட்டில். இந்தத் தாளில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். பிழைகளும் இருக்கும். பொறுத்து வாசியுங்கள். நான்கு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு வாய் வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பண்டமாரானில் இருக்கிறேன். ஒரு கிடங்கில் பெட்டி இறக்கி அடுக்கும் வேலை. வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வந்த புதிதில் காலைச் சந்தையில் ஒரு சீனப் பெண்மணியைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். கையில் ஈரமான மாவு உருண்டை, கீழே விழுவதுபோல் தொங்கிக்கொண்டே இருக்கும், ஆனால் விழாது. அதைச் சூடான இரும்புக் கல்லில் ஒரு வட்டம் தேய்த்துவிட்டு எடுத்துவிடுவார். மாவை வைத்துக் கல்லைத் துடைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நொடி கல்லிலிருந்து வெள்ளையாக ஒன்றை உரித்து எடுத்தார். வேட்டித் துணிபோல் மெல்லிசு, அந்தப் பக்கம் நிற்கிற ஆள் தெரிவார். அதுதான் பொப்பியா தோல். உள்ளே காய் வைத்துச் சுருட்டி எண்ணெயில் பொரிப்பார்கள். நம் ஊரில் பெரிய ஓட்டல்களில் ஸ்பிரிங் ரோல் என்று விற்கிறார்களாம். நான் அந்த ஓட்டல்களுக்குள் போனதில்லை. அந்தப் பெண்மணியை எல்லோரும் பொப்பியா ஆன்டி என்பார்கள், நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன்.

எட்டு வருடம் அந்தத் தோலை வேடிக்கை பார்த்ததோடு சரி. போன வருடம் என் மனைவி பேச்சியம்மாளுக்கு வயிற்றில் ஆபரேஷன் என்று செய்தி வந்தது. தென்காசிப் பக்கம் எங்கள் ஊர். அவள் வீட்டில் பீடி சுற்றுகிறவள். நான்கு மாதமாக வலியை யாரிடமும் சொல்லாமல் சுற்றியிருக்கிறாள். என் பாஸ்போர்ட் பெர்மிட் புதுப்பிக்கப் போயிருந்த நேரம், கிளம்ப வழியில்லை. அவளுடைய தங்கைதான் கூட இருந்தாள். ஆபரேஷன் நடந்த அன்று வேலை முடிந்து வரும் வழியில் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், இருக்கும் சின்ன மாரியம்மன் கோயிலில் நின்றேன். அவள் எழுந்து நடந்தால், என் கையாலேயே சமைத்து இங்கே இருக்கிற பிள்ளைகளுக்குப் போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் அவள் எழுந்து நடந்தாள்.

அந்தக் கோயிலில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு குடும்பத்தின் உபயம். பூசை முடிந்ததும் சாப்பாடு கொடுப்பார்கள். எனக்கு அங்கே பழக்கமான இடம் பின்பக்கக் குழாயடி, அண்டா கழுவுவேன். அங்கிருந்து பார்த்தால் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று தெரியும். சுண்டல் வாங்கிய காகிதக் குவளையை இரண்டு வாயோடு சுவரோரம் வைத்துவிட்டு ஓடுவார்கள். சர்க்கரைப் பொங்கலுக்கும் அதே கதிதான். பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, அவர்கள் நாக்கு வேறு. ஆனால் என் வேண்டுதல் அந்தச் சுவரோரத்தில் காய்ந்து கிடக்கக்கூடாது என்று தோன்றியது. சாப்பிட்டால்தானே போட்டதாக அர்த்தம். அந்தப் பிள்ளைகள் சந்தையில் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக் கேட்கிற ஒரே பொருள் பொப்பியாதான். அதைச் செய்வது என்று முடிவு பண்ணினேன்.

கோயிலில் உபயம் எழுதுகிறவர் மாலா அக்கா. இங்கேயே பிறந்தவர், அவருடைய தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். தமிழ் ஒன்றுதான் என்றாலும், என்னைப்போல் பெர்மிட்டில் வந்தவர்களை இவர்கள் ஊர்க்காரர் என்பார்கள். ஊரை விட்டு வந்தவனுக்கு இங்கே அதுதான் பெயர். நான் விஷயத்தைச் சொன்னதும் மாலா அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணே, ஊர்க்காரவங்க சாம்பார்தானே வைப்பீங்க, பொப்பியாலாம் உங்களுக்கு வருமா? கேட்டரிங்ல சொல்லிடலாம்லா, ஈசி."

என் கையால் செய்வதாக வேண்டிக்கொண்டேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். ஆடி வெள்ளியெல்லாம் உள்ளூர்க் குடும்பங்கள் எடுத்து வைத்திருந்தார்கள். ஆனியில் கடைசி வெள்ளி கிடைத்தது. வெங்காயம், பூண்டு கூடாது என்று மட்டும் சொல்லி எழுதிக்கொண்டார்.

நாங்கள் ஐந்து பேர் ஒரு வீட்டில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் பிரிக்பீல்ட்ஸ் போய்ப் பிரியாணி சாப்பிட்டு ஊர்ச் சாமான் வாங்கி வருவார்கள். நான் அடுப்பைப் பிடித்துக்கொண்டேன். முதல் ஞாயிறு எனக்குத் தெரிந்த மாதிரி உருளைக்கிழங்கை மசித்து, கடுகு தாளித்து, மஞ்சள் போட்டு, ஆன்டியிடம் வாங்கிய தோலுக்குள் வைத்தேன். கூட இருக்கும் செல்வம், ராமநாதபுரத்துக்காரன், ஒன்றைக் கடித்துவிட்டு, "அண்ணே, இது சமோசாவுக்குச் சட்டை மாத்திவிட்ட மாதிரி இருக்கு" என்றான். இரண்டாம் ஞாயிறு முட்டைக்கோசு, கேரட், இங்கே செங்குவாங் என்று ஒரு நீர்க்கிழங்கு, எல்லாம் சீவி வதக்கி, சூடு ஆறுமுன் சுருட்டி எண்ணெயில் போட்டேன். ஒவ்வொன்றும் வாயைத் திறந்தது. காயிலிருந்த தண்ணீர் எண்ணெயில் இறங்கி, முழங்கை வரை கொப்புளம். செல்வம் களிம்பு தடவிக்கொண்டே, மாரியம்மன் பொங்கலையே ஏற்றுக்கொள்வாள், விட்டுவிடுங்கள் என்றான். விடுவதாக இல்லை.

அடுத்த ஞாயிறு பொப்பியா ஆன்டியிடம் போய் நின்றேன். என் மலாய் பெட்டி, லோரி, சீக்கிரம், நாளை என்ற அளவுக்குத்தான். அவருக்குத் தமிழ் தெரியாது. கையைக் காட்டினேன், கொப்புளத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். சந்தை கலைந்த பிறகு வீட்டுக்கு வரச் சொல்லி, வாசலில் அடுப்பு வைத்துச் செய்து காட்டினார். சீவிய கிழங்கைத் துணியில் கட்டிப் பிழிய வேண்டும். வதக்கியதைத் தட்டில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே வைத்து, கை வைத்தால் குளிரும்வரை ஆறவிட வேண்டும். அதன் பிறகுதான் தோலைத் தொட வேண்டும். எல்லாம் காட்டிவிட்டு, ஒரு கரண்டியில் அந்தக் காயை எடுத்து என் வாய்க்கு நேராக நீட்டினார். ருசி பார்க்கச் சொல்கிறார்.

நான் மறுத்துத் தலையை ஆட்டிவிட்டேன். எங்கள் வீட்டில் சாமிக்கென்று நினைத்துச் செய்வதை நாக்கில் வைக்க மாட்டோம். படைத்து முடியும்வரை உப்பு பார்க்கிற பேச்சே கிடையாது. அன்றைக்குக் கற்றுக்கொண்டதையும் நான் வேண்டுதலோடு சேர்த்தே நினைத்திருந்தேன். இதையெல்லாம் எந்த மலாயில் சொல்வது? கையை மட்டும் வேண்டாம் என்று அசைத்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

"தா அடா பாபி. சாயோர் சாஜா" என்றார். பன்றி எதுவும் இல்லை, வெறும் காய்தான் என்று அர்த்தம். கரண்டியைக் கழுவி ஆணியில் மாட்டிவிட்டு எனக்கு முதுகைக் காட்டித் தோல் அடுக்க ஆரம்பித்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சாமி ஒரு காரணம்தான். அவர் நினைத்த காரணமும் என் மனதில் ஒரு மூலையில் இருந்தது. அவர் சட்டியில் இதற்கு முன் என்ன வெந்ததோ என்று நினைத்தேன். அது அவருக்குத் தெரிந்துவிட்டது என்பதுதான் என்னைக் குத்தியது. அடுத்த ஞாயிறு தோல் கொடுத்தார். சில்லறை கொடுத்தார். வேறெதுவும் இல்லை.

அந்த வாரம் முழுக்கக் கிடங்கில் பெட்டி தூக்கும்போது இதே நினைவு. ஞாயிறு விடிந்ததும் என் வீட்டிலேயே இருபது பொப்பியா செய்தேன். இந்த முறை ஒன்றும் வெடிக்கவில்லை. சுருட்டும்போது பேச்சியம்மாள் பீடி சுற்றுவது ஞாபகம் வந்தது. காற்றுப் போகாமல் இறுக்கி, இரண்டு ஓரத்தையும் நகத்தால் உள்ளே தள்ளுவாள். அதே மாதிரி செய்து, மைதாப் பசை தொட்டு ஒட்டினேன். சூடாகக் கொடுப்பதுதானே மரியாதை என்று ஹாட்பாக்ஸில் போட்டு இறுக்க மூடி எடுத்துப் போனேன். ஆன்டி மூடியைத் திறந்தார். ஆவி அடித்தது. ஒன்றைத் தூக்கினார், அது நடுவில் மடிந்து தொங்கியது. பொரித்ததை மூடினால் அதன் ஆவியே அதை நனைத்துவிடும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"பொப்பியா சுடா மண்டி" என்றார். பொப்பியா குளித்துவிட்டு வந்திருக்கிறது என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு நிற்பதற்குள் நான் அவர் கடைத் தட்டிலிருந்து, அவர் பொரித்த ஒன்றை எடுத்து, அவர் பார்க்க முழுவதும் தின்றேன். மொறுமொறுவென்று இருந்தது. பிறகு எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று சொற்களைக் கோத்தேன். இஸ்திரி என்றால் மனைவி. வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். ஆஸ்பத்திரி என்றேன். செம்பாயாங் என்றால் வழிபாடு, கையைக் கூப்பினேன்.  அவர் என் தொங்கிப்போன பொப்பியாவிலேயே ஒன்றைக் கடித்து, "தாவார்" என்றார். உப்பில்லை.

அப்போதுதான் எனக்கு வழி தெரிந்தது. படைக்கிற அன்று நாக்கில் வைக்கக்கூடாது என்றால், அதற்கு முந்தைய நாட்களில் எல்லாம் வைத்துப் பார்த்துவிட வேண்டும். வேண்டுதல் அந்த வெள்ளிக்குத்தான், இந்த ஞாயிறுகளுக்கு அல்ல. அம்மா காலத்திலிருந்து கையளவில் அள்ளிப் போட்டே பழகிய நான், ஒரு தராசும் ஒரே ஒரு கரண்டியும் வாங்கினேன். பிழிந்த காய் ஒரு கிலோவுக்கு உப்பு எவ்வளவு, சோயா சாஸ் எவ்வளவு, மிளகுத்தூள் எவ்வளவு என்று வாரம் ஒன்றாக மாற்றிப் பார்த்தேன். ஞாயிறுதோறும் இரண்டைக் காகிதத்தில் வைத்து, மூடாமல், ஆன்டியிடம் கொண்டுபோவேன். ஒரு வாரம் தாவார். மறுவாரம் மாசின், உப்புக் கரிக்கிறது. ஆறாவது வாரம் ஒன்றைத் தின்று முடித்து, உடனே இரண்டாவதை எடுத்தார். தலைதட்டி ஒரு கரண்டி உப்பு, இரண்டு கரண்டி சோயா, அரைக் கரண்டி மிளகுத்தூள். சமையலறைச் சுவரில் கரியால் எழுதி வைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். குளித்துவிட்டுக் காலை ஆறு மணிக்குச் சீவ ஆரம்பித்தேன். செல்வம் உதவுகிறேன் என்று உட்கார்ந்தான். தோலைக் கிழியாமல் பிரித்துக் கொடுக்கலாம், சுருட்டுவது நான்தான் என்றேன். "பீடிக் கம்பெனி ஓனரு ரொம்பக் கண்டிசனா இருக்காரு" என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டே பிரித்துக் கொடுத்தான். இருநூறு. சட்டியில் காய் வேகும்போது வாசனை வந்தது, நாக்கு துடித்தது. சுவரைப் பார்த்துப் பார்த்துக் கரண்டியில் அளந்து போட்டேன். மாலையில் மிதமான தீயில் பொரித்து, பிளாஸ்டிக் கூடையில் காகிதம் விரித்து நிற்க வைத்து, செல்வத்தின் மோட்டார் சைக்கிளில் இரண்டு நடையாகக் கோயிலுக்குக் கொண்டுபோனோம்.

மாலா அக்கா பெரிய அலுமினிய மூடியோடு வந்தார். சாமிக்கு வைக்கிற சாப்பாடு திறந்து கிடக்கக்கூடாது, ஈ மொய்க்கும், மூடி வைங்க என்றார். பூசை முடிய முக்கால் மணி நேரம் ஆகும். அந்த மூடி இறங்கினால் இருநூறும் குளித்துவிடும். பிள்ளைகள் ஒரு கடி கடித்துச் சுவரோரம் வைத்துவிடுவார்கள். ஒன்பது வருடத்தில் அந்தக் கோயிலில் நான் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"மூடாதீங்க அக்கா" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. அங்கே நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "மூடுனா பதத்துப்போகும். நான் இங்கயே நிக்கேன். ஒரு ஈ ஒக்கார விடமாட்டேன்."

ஓர் அட்டையை எடுத்து வீச ஆரம்பித்தேன். மாலா அக்கா மூடியைப் பிடித்தபடியே உள்ளே போய்விட்டார். உள்ளே மணி அடித்தது. ஐயர் உபயக்காரரை முன்னால் வரச் சொல்லி மைக்கில் கூப்பிட்டார். நான் அசையவில்லை. கூடையை விட்டுப் போனால் யாராவது மூடிவிடுவார்கள். இரண்டாம் தரம் கூப்பிட்டார். வேண்டிக்கொண்டது அங்கே, செய்து வந்தது இங்கே. நடுவில் நின்று வீசிக்கொண்டிருந்தேன். மாலா அக்கா திரும்பி வந்தார். கையில் மூடி இல்லை. என் கையிலிருந்த அட்டையைப் பிடுங்கினார்.

"குடுங்கண்ணே, நான் விசிறுறேன். நீங்க போங்க. உங்க பொண்டாட்டி பேரைச் சொல்ல நானா போக முடியும்?"

போனேன். பேச்சியம்மாள், உத்திர நட்சத்திரம் என்று சொன்னேன். மைக்கில் என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது.

பந்தி ஆரம்பித்ததும் மண்டபத்தில் மொறுமொறு என்று ஒரே சத்தம். ஒரு சின்னப் பெண் என்னிடம் வந்து, "அங்கிள், சில்லி சாஸ் இல்லையா?" என்று கேட்டாள். சாஸில் பூண்டு இருக்கும், கோயிலில் கூடாதம்மா என்றேன். பரவாயில்லை என்று இரண்டாவது வாங்கிப் போனாள். நான் குழாயடிக்குப் போய் அண்டா கழுவிக்கொண்டே சுவரோரத்தைப் பார்த்தேன். காகிதக் குவளைகள் இருந்தன. எல்லாம் காலி. ஞாயிற்றுக்கிழமை பொப்பியா ஆன்டி ஒரே கேள்வி கேட்டார், "ஹாபிஸ்?" எல்லாம் தீர்ந்ததா என்று. ஹாபிஸ் என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளுக்குத் தோலை நிறுத்துக் கொடுத்தார்.

கோயில் வாசலில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. அந்த வார உபயக்காரர் பெயர் அடுத்த வெள்ளிவரை அதில் இருக்கும். பூசைக்கு மறுநாள், சனிக்கிழமை காலை வேலைக்குப் போகும்போது பார்த்தேன். மாலா அக்கா கையெழுத்தில் "உபயம்: திருமதி பேச்சியம்மாள் குடும்பத்தார், பண்டமாரான்" என்று இருந்தது. என்ன ஊர் என்று என்னிடம் அவர் கேட்கவே இல்லை. படம் எடுத்துப் பேச்சியம்மாளுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"ஏங்க, நான் எப்பங்க பண்டமாரானுக்கு வந்தேன்?" என்று கேட்டுச் சிரித்தாள். சிரித்தால் வயிறு இழுக்கிறது என்றும் சொன்னாள்.

ஊரில் எங்கள் ரேஷன் அட்டையில் குடும்பத் தலைவர் என்று என் பெயர் இருக்கிறது. அந்த அரிசியை நான் கடைசியாகச் சாப்பிட்டு மூன்று வருடம் ஆகிவிட்டது. இங்கே, அவள் கால் வைக்காத ஊரில், ஒரு வாரம் அவள் பெயர் வாசலில் நின்றது. தினமும் காலையில் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். அடுத்த வெள்ளி வேறொரு குடும்பத்துக்காக அதை அழித்தார்கள். நன்றாகத் துடைக்கவில்லை. கிட்டப் போய் நின்றால் அவள் பெயர் இப்போதும் கொஞ்சம் தெரிகிறது.

எழுதி முடித்தது: ஆகஸ்ட் 23, ஞாயிற்றுக்கிழமை, பண்டமாரான்.