முகம் கேட்கிற தோட்டம்

கம்பத்தில் ஜீப் வைத்துப் பிழைப்பவர்களில் என்னைப் போல் இன்னொருவனைக் காட்டுங்கள், பார்க்கலாம். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். கிளீனராகத் தொற்றி, டிரைவராகி, இன்றைக்கு நாலைந்து ஜீப்புக்கு முதலாளி. மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்க ஆள் வேண்டுமென்றால் கேரளத்து முதலாளிமார் எனக்குத்தான் போன் போடுவார்கள். என் வாய்ச்சொல்லை நம்பி அவர்கள் வேலை கொடுத்தார்கள். அதை நம்பித்தான் எங்கள் பெண்களும் வண்டி ஏறினார்கள்.

என் ஜீப்புக்கு ஒரு சட்டம் உண்டு. இடம் ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மகள் வருவாள். மகளுக்குப் பிரசவம் என்றால் நாத்தனார் வருவாள். வேலை அந்த வீட்டை விட்டுப் போகாது. இதை எந்தச் சர்க்காரும் போடவில்லை. நான் போட்டேன். எல்லாத் தோட்டமும் ஒப்புக்கொண்டது.

போன மழைக்கு ஒரு தோட்டத்தில் நிர்வாகம் மாறியது. கேட்டில் போனை நீட்டி, முகத்தைக் காட்டு என்றார்கள். பதிந்த முகம் வந்தால்தான் வருகை. சில நாள் வராத முகத்தை அழித்துவிடுவார்கள். அழித்த இடத்தில் புது முகம் பதிய மாட்டார்கள். வடக்கேயிருந்து குடும்பம் குடும்பமாக அழைத்துவந்து தோட்டத்திலேயே தங்கவைக்கிறார்கள். வந்தவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களும் வயிற்றுக்கு வந்தவர்கள். எங்கள் பெண்களைச் சத்தமில்லாமல் கழிக்கப் பார்க்கிறதே புது நிர்வாகம், அதன்மேல்தான்.

காமயகவுண்டன்பட்டிக்காரி ஒருத்தி, என் முதல் ஜீப்பில் ஏறியவள், புருஷன் இல்லாதவள், அந்தத் தோட்டத்துச் சரிவிலேயே வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டு போட்டாயிற்று. வழக்கப்படி மறுநாள் மருமகளை அனுப்பினாள். போன் அந்தப் பிள்ளையை ஏற்கவில்லை.

மேனேஜர் என் மகன் வயது மலையாளத்துக்காரன். "இந்தப் பிள்ள மாமியா ஒங்க சரிவுலதான விழுந்தாக? கட்டுப் பிரிக்கிறவரைக்கும் இது எடுக்கட்டும்" என்றேன்.

"மெஷின் எடுக்கலை, அண்ணாச்சி. எனக்கு ஒண்ணும் செய்யான் பற்றில்லா, என் கையில ஒண்ணும் இல்ல."

"காய மெஷினா எடுக்குது? இவுகதான எடுக்குறாக!"

அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. "எல்லாரும் வண்டியில ஏறுங்க! ஒரு காயும் எடுக்க வேணாம் இவனுக்கு!" என்று கத்தினேன்.

ஒருத்தியும் அசையவில்லை.

"நீங்க கோவப்பட்டு வண்டியத் திருப்பிருவீக. நாளைக்கு எங்க மூஞ்சியும் அழிஞ்சிருச்சுன்னா, வெறும் வண்டியவா ஓட்டுவீக?" என்றாள் ஒருத்தி.

"கோவத்த வீட்டுல போய்க் காட்டுங்கண்ணே, மதினி சோறாவது போடும்" என்றாள் இன்னொருத்தி. சிரித்துக்கொண்டே, இடுப்பில் பையைக் கட்டியபடி உள்ளே போய்விட்டார்கள். என் பேச்சு ஒரு கேட்டில் செல்லாமல் போனது அன்றைக்குத்தான். அந்தப் பிள்ளையை மட்டும் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். வளைவுக்கு வளைவு மேனேஜரை வைதுகொண்டே வந்தேன்.

மறுநாள் விடியலில் வண்டி நிற்குமிடத்தில், மருமகள் தோளைப் பிடித்து ஒற்றைக்காலில் நிற்கிறாள் அவள்.

"ஆத்தா, கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? கால ஊனக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாகள்ல?"

"மூஞ்சியத்தான கேக்குறான்? மூஞ்சியில அடிபடலையே. பிடிங்கண்ணே, ஏறுறேன்."

கட்டுப்போட்ட காலை எதிர்சீட்டுக்காரி மடியில் வாங்கிக்கொண்டாள். கம்பம்மெட்டு ஏறும்வரை ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல்லைக் கடித்தாள். கேட்டில் அவளை இறக்கி, இரண்டு அக்குளிலும் கை கொடுத்து நிறுத்தினேன். மேனேஜர் கட்டைப் பார்த்தான். பக்கத்தில் பையைக் கட்டிக்கொண்டு நின்ற மருமகளையும் பார்த்தான். யார் எடுக்கப்போகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாதா?

"இவங்க ஃபேஸ் வந்தா போதும். உள்ளே யார் எடுத்தாலும் எனக்குப் பிரச்சனை இல்ல" என்றான்.

வேலை செய்ய முடிந்தவளைத் திருப்பி அனுப்பினான். நிற்கவே முடியாதவளை வரச்சொல்கிறான். இதற்குப் பெயர் நிர்வாகம்!

போனை நீட்டினான். திரையில் சிவப்பு. மறுபடி நீட்டினான். சிவப்பு.

"வலியில முகம் கோணுது, அதான் எடுக்கலை. சுளிக்காம நில்லுங்க, அக்கா."

அவள் மூச்சை இழுத்துப் பிடித்து, கல்யாணப் போட்டோவுக்கு நிற்பதுபோல நின்றாள். அந்தப் போனைப் பிடுங்கிச் சரிவில் எறிய வேண்டும்போல் எனக்குக் கை துடித்தது. இரண்டு கையிலும் அவளுடைய பாரம் இருந்தது.