பெரியவர் கைக் காயமும் ஞாயிற்றுக்கிழமைப் பஞ்சாயத்தும்

வீடு வீடாகப் போய் வயதானவர்களுக்குக் காயம் கட்டுவது என் தொழில். கும்மிடிப்பூண்டி லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டர் ஓட்டுவது அதைவிடச் சுலபம். வீட்டில் அப்பாவையோ மாமனாரையோ வைத்துப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வயதில் தோல் வெங்காயச் சருகு மாதிரி. அழுத்திப் பிடித்தால் நீலம் பாயும், உரசினால் உரியும்.

நான் பிய்த்த தோல்

புதுவாயல் பக்கம் ஒரு கிராமம். நெல் விவசாயம் செய்த பெரியவர், எண்பது தாண்டியவர். ஆள் தூக்கிவிட்டால்தான் எழுந்து நிற்பார். மகனுக்கு இரும்பு ஆலையில் ஷிப்டு வேலை என்பதால் பார்த்துக்கொள்வது மருமகள் கலாதான். முதல் நாள் போனபோது கைக்காயத்தின் மேல் யாரோ பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். தொழில் தெரிந்த திமிரில் சர்ரென்று இழுத்தேன். கூடவே தோலும் வந்துவிட்டது.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. சலைனில் கழுவி, ஒட்டாத துணி வைத்து, பிளாஸ்திரியே இல்லாமல் பேண்டேஜ் சுற்றினேன். பெரியவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு காயத்துக்கு வரச் சொன்னா, ரெண்டா ஆக்கிக்கினு நிக்கிறியேம்மா!"

மகள் வந்தாள்

அது ஆறுவதற்குள் புதுக் காயங்கள் வந்துகொண்டேயிருந்தன. எல்லாம் தோளுக்குக் கீழே, பிறை வடிவில், சுற்றிலும் நீலம். எப்போது பட்டது என்று பெரியவருக்கே தெரியவில்லை. திருவாலங்காட்டில் கட்டிக்கொடுத்த மகள் சாந்தி ஞாயிறுதோறும் வருவாள். அவள் கண்ணுக்கு அதெல்லாம் கலா அடித்த அடி. அப்பா பயந்துகொண்டு மறைக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டாள்.

தோலைப் பற்றி நான் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிறு சொந்தக்காரர்களைக் கூட்டிப் பேசி, கலாவைத் தாய் வீட்டுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னாள். கலாவின் புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. வாசல் வரை வந்த கலா சொன்னாள்: "அண்ணி பேசறதுகூட பரவால்ல சிஸ்டர். இவரும் ஒண்ணும் சொல்லாம நிக்கிறாரு பாருங்க, அதான் தாங்க முடில."

பஞ்சாயத்து

அந்த ஞாயிறு நான் கட்டு மாற்றப் போனபோது சாந்தியின் சித்தப்பாக்கள் இருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு ஆரம்பிப்பதற்குள் பெரியவர் பாத்ரூம் போக வேண்டும் என்றார். கலா எழுந்தாள். "நீ தொடாத" என்று தடுத்துவிட்டு, சாந்தியே அப்பாவின் அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்கினாள். கையை எடுத்தபோது தோல் பிறையாக உரிந்து கிடந்தது. சாந்தியின் பட்டை வெட்டிய வளையலின் கூர் விளிம்பில் ரத்தம்.

கலா கையிலும் அதே மாதிரி வளையல்தான். வேலை நேரத்தில் அவள் கழற்றி வைத்தபோது, சுமங்கலி மூளிக்கையோடு இருக்கக் கூடாது என்று திட்டி மறுபடி போட வைத்தவள் சாந்தி. தினமும் காயத்தையே பார்த்த நான், தூக்கும் கையை ஒரு நாளும் பார்க்கவில்லை. பெரியவர் ரத்தத்தையும் மகளையும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா சாந்தி, நீ எப்பலேர்ந்து என்னை அடிக்க ஆரம்ச்ச?"

இப்போதெல்லாம் அந்த வீட்டில் வளையலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பெரியவரைத் தூக்குகிறார்கள். கலாவிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இன்னும் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.