சூடத்தை அணைத்தவரும் சும்மா இருந்தவர்களும்

போன வாரம் ஒரு மனிதருக்கு வயிற்றுப்போக்கு வந்ததை எங்கள் ஊரே கொண்டாடியது. சிரிக்காதீர்கள்... நானும் சந்தோஷப்பட்டவன்தான்.

அவர் பெரிய பண்ணைக்காரர். உத்தமபாளையம் கோர்ட்டு வரை செல்வாக்கு. வாய்க்காலில் அவர் வயலுக்குத் தண்ணீர் திரும்பும் மடையில் ஒரு கல் உண்டு. உனக்கு இவ்வளவுதான் என்று அளந்து வைத்த கல். அதை ஆள் வைத்துப் பிடுங்கிப் போட்டார். மொத்தத் தண்ணீரும் அவர் வயலுக்கே போனது. அடுத்த வயல் செல்லத்தாயியுடையது. புருஷனை இழந்தவள், இருப்பதே அந்த அரை ஏக்கர். நெல் பால் பிடிக்கிற சமயம்... நிலம் பாளம் பாளமாக வெடித்துவிட்டது.

பஞ்சாயத்து கூடியது. அந்த மடையில் கல்லே கிடையாது என்று பண்ணைக்காரர் சாதித்தார். சாட்சி உண்டா என்று கேட்டார்கள். ஒருவரும் மூச்சு விடவில்லை. சரி, கோவிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணட்டும் என்று முடிவானது. பொய்ச் சத்தியம் செய்தவன் ஒரு மண்டலம் தாண்டமாட்டான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மனிதர் குளித்து, பட்டை போட்டுக்கொண்டு வந்தார். பூசாரி நீட்டிய தட்டில் எரிந்த சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். கை நடுங்கவே இல்லை!

அவ்வளவுதான், ஊருக்கு நிம்மதி வந்துவிட்டது. இனி சாமி பார்த்துக்கொள்ளும். எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டோம். அதற்கப்புறம் பண்ணைக்காரர் இருமுகிறாரா, நொண்டுகிறாரா என்று பார்ப்பதுதான் எங்கள் உத்தியோகம். வயிற்றுப்போக்கு என்றதும் காபி கிளப்பில் ஒரே குதூகலம். விசாரித்தால்... பலாப்பழம்! மூன்றாம் நாள் தேறிவிட்டார். போதாததற்கு அவர் பசு கிடேரிக் கன்று வேறு போட்டது.

எனக்கென்ன இவ்வளவு எகத்தாளம் என்கிறீர்களா? கல்லைப் பிடுங்கிய காலையில் அந்தக் கரையில்தான் சைக்கிளில் வந்தேன். கண்ணால் பார்த்தேன். பண்ணைக்காரர் கும்பிட்டார், நானும் கும்பிட்டேன். வருஷா வருஷம் பொங்கலுக்கு வாழைத்தார் அனுப்புகிறவராயிற்றே! போன மாதம் இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில் அறம் தோற்காது என்று முழங்கியவனும் நான்தான். வெட்கங்கெட்ட பிழைப்பு.

முந்தாநாள் செல்லத்தாயி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கல்லைப் பிடுங்கிய காலையில் என் சைக்கிள் கரையில் போனதைக் கவனித்திருக்கிறாள். அழவில்லை, ஏசவில்லை.

"சாமி பாத்துச்சுண்டு எல்லாரும் சொல்றாக அண்ணே. நீங்களும் பாத்தீகள்ல?"

சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு சாவடிக்குப் போனேன். பண்ணைக்காரரும் பஞ்சாயத்தாரும் அங்கேதான் இருந்தார்கள்.

"கல்லைப் பிடுங்குனது இவுகதான். நான் பாத்தேன்" என்றேன்.

பண்ணைக்காரர் முறைத்தார். பிறகு வாய்க்கால் காவல்காரர் எழுந்து, தானும் பார்த்ததாகச் சொன்னார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் எழுந்தார்... யார் தெரியுமா? சூடத்தட்டை நீட்டிய அதே பூசாரி!

அன்று மத்தியானமே கல்லை நட்டார்கள். செல்லத்தாயி வயலுக்குத் தண்ணீர் வந்தது. பாதிப் பயிர் போனது போனதுதான்; மீதி தேறும். பார்த்தீர்களா, சாமி கைவிடவில்லை என்று ஊரே கன்னத்தில் போட்டுக்கொள்கிறது.

செல்லத்தாயி மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. சாமிக்குக் கண் உண்டென்று அவளுக்கு எப்போதும் தெரியும்... எங்களுக்கு வாய் உண்டென்பதுதான் அவளுக்குப் புதுச் செய்தி!