விக்கலுக்கு நானா குற்றவாளி?

மகள் பிறந்து பதினோராம் நாள். குண்டசாலையில் எங்கள் வாடகை வீட்டில் பால் குடித்து முடித்தவளுக்கு விக்கல் வந்தது. சின்ன உடம்பு முழுவதும் துள்ளியது. முகத்தில் மட்டும் ஒரு வேதனையும் இல்லை. எனக்கு உதவியாக வத்தேகமவிலிருந்து வந்திருந்த கணவரின் அக்கா குசினியிலிருந்து ஓடிவந்தார்.

"நேத்து தலைக்குக் குளிச்சியே, அந்தக் குளிர்தான் பால்ல எறங்கியிருக்கு."

"இல்லங்க அண்ணி, பொறந்த புள்ளைகளுக்கு விக்கல் வர்றது சாதாரணம்னு வார்டுல சொன்னாங்க."

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வந்த நாளிலிருந்தே இதுதான். குழந்தை தும்மினால் சளியாம், நான் குளித்ததால். கதவுச் சத்தத்துக்குக் கைகளை விரித்துத் திடுக்கிட்டால் பயந்த கோளாறாம், நான் அந்தியில் முற்றத்தில் நின்றதால். என் கணவர் கதிரையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் முகம் கழுவிவிட்டுத் திரும்பியபோது அண்ணி குழந்தையை மடியில் கிடத்திச் சீனித்தண்ணீரைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தார். குழந்தைக்குப் புரையேறியது. முகம் சிவந்து இருமினாள், பிறகு அலறினாள். தையல் வலியெல்லாம் மறந்துபோயிற்று. பாய்ந்து பிள்ளையைப் பறித்தேன். கிண்ணத்தை ஒரே தட்டில் தட்டிவிட்டேன்.

"இனிமே என்னக் கேக்காம இவ வாயில ஒரு சொட்டு ஊத்தினீங்கன்னா நடக்கிறதே வேற!"

கணவர் அப்போதுதான் தலை நிமிர்ந்தார். "அக்காகிட்ட இப்பிடியா பேசுறது?"

"புள்ளைக்குப் பொரயேறினப்ப வராத சத்தம் இப்ப எங்கேருந்து வருது?"

நாங்கள் வாதாடிக்கொண்டிருக்கும்போதே விக்கல் தானாக நின்றிருந்தது.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மிட்வைஃப் வந்தார். எங்கள் பகுதிக்குப் பொறுப்பான முஸ்லிம் பெண். பிள்ளையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "விக்கல், தும்மல், திடுக்கிடுறது எல்லாம் பொறந்த புள்ளைக்கு இரிக்கிறதுதான். தும்மினா மூக்கு சுத்தமாகும். தாய்ப்பாலத் தவிர ஒண்டும் குடுக்க வாணாம்."

"சரிங்க மிஸ், அப்படியே செய்றோம் மிஸ்" என்று அண்ணி தலையாட்டினார். கணவரும் ஆட்டினார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நான் சொன்னதும் இதைத்தானே? வெள்ளைச் சீருடை சொன்னால் அறிவு, பெற்றவள் சொன்னால் வாய்த்துடுக்கு.

மறுநாள் அண்ணி பஸ் ஏறிவிட்டார். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கணவரோடு மூன்று நாட்கள் நான் பேசவில்லை. நான்காம் நாள் அவராகவே பிள்ளையைத் தோளில் சாய்த்து ஏப்பம் எடுக்கவைக்கப் பழகினார்.

மகளுக்கு இப்போது நாலு வயது. அண்ணி வந்தால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறேன். கோபம் மட்டும் ஆறவில்லை. அது ஆற வேண்டுமென்று எனக்குத் தோன்றவும் இல்லை.