வலத்தோள் பூணூல்

இயந்திரத்துக்குக் கண் கிடையாது, கைக்குத்தான் உயிர் உண்டு என்று திருச்சியில் மேடை கிடைத்த இடத்திலெல்லாம் முழங்கியவன் நான். வீட்டிலோ கதவைச் சாத்திக்கொண்டு, போன் படத்தைப் புரொஜெக்டரில் கேன்வாஸ்மேல் விழவைத்து, அதன்மேல்தான் பென்சில் ஓட்டுவேன்.

ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவர் தன் அப்பாவின் சஷ்டியப்தபூர்த்திக்கு ஓவியம் கேட்டார். "கையால வரைஞ்சதா இருக்கணும் சார், அதான் உங்ககிட்ட வந்தேன்" என்றார். அப்பா வெற்று மார்போடு தானே எடுத்துக்கொண்ட செல்ஃபியைத் தந்தார்.

விழாவன்று திரையை விலக்கினார்கள். கைதட்டல் பாதியில் நின்றது. விழா நாயகரின் தகப்பனார், எண்பத்தைந்து வயதுக்காரர், முன்வரிசையிலிருந்து மகனைக் கேட்டார்:

"ஏண்டா, நான் இன்னும் உயிரோடதானே இருக்கேன்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போனின் முன்கேமரா கண்ணாடிபோலக் காட்டியதில் செல்ஃபி இடம் வலமாக மாறியிருந்தது. இடத்தோளில் இருக்கவேண்டிய பூணூல் வலத்தோளில் கிடந்தது. இறந்தவர்களுக்குத் தர்ப்பணம் செய்யும்போதுதான் அப்படி மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். உயிரோடிருக்கும் தகப்பனுக்கு மகன் தர்ப்பணம் செய்வதாக வரைந்திருக்கிறேன். அந்தப் பூணூலை ஒரு நாள் முழுக்க இழை இழையாகத் தீட்டினேன். ஒரு கணம்கூட அதைப் பார்க்கவில்லை.

மறுவாரம் மன்னிப்புக் கேட்டு, வேறு படம் வரைந்து தருவதாகச் சொல்ல அவர்கள் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் என் ஓவியமே தொங்கியது, பூணூல் சரியான தோளில்.

"போட்டோ எடுத்து, போன்லயே திருப்பி, பிரின்ட் போட்டுட்டேன் சார்" என்றார் ஓவியம் கேட்டு வந்தவர். "உங்க கையெழுத்தும் சேர்ந்து திரும்பிடுத்து. பரவாயில்லை, அதை யார் படிக்கப்போறா?"