அத்தையை முந்த ஆளில்லை

எங்கள் அத்தையை முந்திய பந்தயக் கார் இந்த உலகத்தில் இன்னும் பிறக்கவில்லை. இனிமேலும் பிறக்காது. கடல் தாண்டி வந்த கார்கள், காற்றைக் கிழிப்பதற்கென்றே மூக்கைச் சீவி வைத்திருந்த கார்கள், ஸ்டார்ட் செய்தாலே நாலு தெரு தள்ளி இருக்கும் ஜன்னல் கண்ணாடி நடுங்கும் கார்கள் எல்லாம் அத்தை வருகிறாள் என்றதும் எஞ்சினை அணைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றன. இதை என் கண்ணால் பார்த்தேன்.

அத்தை பந்தயத் தடத்தில் இருக்கும்போது வேறு வண்டி எதையும் உள்ளே விடமாட்டார்கள் என்பது உண்மைதான். அத்தை ஓட்டியது ரோடு கூட்டும் மெஷின் என்பதும் உண்மைதான். சரித்திரம் எழுதும்போது இந்த மாதிரிச் சில்லறை விஷயங்களை எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

முன்னால் இரண்டு வட்டப் பிரஷ், நடுவில் கண்ணாடிக் கூண்டு மாதிரி டிரைவர் அறை, பின்னால் குப்பையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பெரிய வயிறு. இதுதான் மெஷின். அதன் வேகத்தைப் பற்றிச் சொல்வதென்றால், காலை நடைக்கு வரும் பெரியவர்கள் அதை முந்திப் போய், தெருக்கோடி வரை நடந்து, திரும்பி வரும்போது, "இன்னும் இங்கதானாம்மா?" என்று விசாரிப்பார்கள். அதனால்தான் எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தைக்குப் 'புயல்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தது நான்தான் என்று ஒரு பேச்சு உண்டு. நிரூபிக்க முடியாது.

அத்தை என் அப்பாவின் அக்கா. நான் நடக்கப் பழகுவதற்குள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா வேறு ஊரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். மிஞ்சியது நான். என்னை யாரிடம் விடுவது என்று பெரியவர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது அத்தை எதுவும் பேசவில்லையாம். என் பால் புட்டியையும் போர்வையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, "பொழுது விடியறதுக்குள்ள வேலைக்குப் போகணும், வழி விடுங்க" என்று கிளம்பிவிட்டாளாம்.

விடிவதற்கு முன்னால் வேலைக்குப் போகிறவள் குழந்தையை எங்கே விடுவாள்? டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி சீட் உண்டு. அதில் என்னைச் சேலையால் கட்டி வைத்துக்கொண்டு ஊரைக் கூட்டினாள். பிரஷ் உருளும் சத்தம்தான் எனக்குத் தாலாட்டு. இன்றைக்கும் அமைதியான அறையில் எனக்குத் தூக்கம் வராது. சூப்பர்வைசர் ஸ்கூட்டரில் வருவது தெரிந்தால் என்மேல் ஒரு கோணியைப் போட்டு மூடிவிடுவாள். ஒருநாள் அவர் கேட்டிருக்கிறார்.

"என்னம்மா அது, மூட்டை?"

"பழைய பிரஷ் சார்."

அந்த நேரம் பார்த்துப் பழைய பிரஷ் தும்மியது.

"பிரஷ்ஷுக்குச் சளி புடிச்சிருக்கு போல. கசாயம் வச்சுக் குடும்மா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அந்த மனிதரை நான் கேலி செய்யாததற்கு அது ஒன்றுதான் காரணம்.

அப்புறம் நான் வளர்ந்தேன். பள்ளிக்கூடமும் நானும் கொஞ்ச காலம் ஒருவரை ஒருவர் சகித்துப் பார்த்துவிட்டு, ஒன்பதாம் வகுப்பில் சமாதானமாகப் பிரிந்தோம். இப்போது ஜெராக்ஸ் கடையில் வேலை. அத்தைக்கு அதில் வருத்தம். ஆனால் இது அத்தையின் கதை, அதனால் அந்த வருத்தத்தை இங்கே விட்டுவிடலாம்.

இந்த வருடம் எங்கள் ஊர்த் தெருக்களில் கார் பந்தயம் என்று அறிவித்தார்கள். அத்தை தினமும் கூட்டும் அதே தெருக்கள். இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் வைத்தார்கள், அதற்கு மேலே கம்பி வலை கட்டினார்கள், பேக்கரி இருக்கும் வளைவில் ஆயிரக்கணக்கான பேர் உட்கார மேடை போட்டார்கள். கார்கள் ஓடி ஓடி டயர் தேய்ந்து ரப்பர் துணுக்குகள் உதிருமாம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவில் அதைக் கூட்டி எடுக்க ஆள் வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் நகராட்சியிடம் கேட்க, நகராட்சி அத்தையை அனுப்பியது.

அத்தை அலட்டிக்கொள்ளவில்லை. சும்மா ஒரு பேச்சுக்கு, பால்காரரிடம் சொன்னாள். லிஃப்ட் ரிப்பேர் செய்ய வந்தவரிடம் சொன்னாள். எதிர் வீட்டு அக்காவிடம் இரண்டு தரம் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை பெரிய ரேஸுக்கு முன்னாடி கடைசி ரவுண்டு நான்தான் போறேன். டிக்கெட் இருந்தா பேக்கரி வளைவுல உட்காருங்க, நல்லாத் தெரியும்." யூனிஃபார்மைத் தேய்த்த இடத்திலேயே திரும்பத் திரும்பத் தேய்த்தாள். புதிதாக ஒரு தொப்பி வேறு.

அதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர் தூங்கும்போது வேலை செய்கிறவள் அத்தை. ஊர் எழுந்து பார்க்கும்போது தெரு சுத்தமாக இருக்கும், அத்தை இருக்கமாட்டாள். இத்தனை வருடத்தில் அவள் வேலை செய்வதைப் பார்த்தது தெரு நாய்களும், பேக்கரிக்காரர்களும், கோணிக்குள் இருந்த நானும்தான். ஒரே ஒருநாள், பட்டப்பகலில், ஊர் முழுக்க உட்கார்ந்து பார்க்கப் போகிறது. அந்த ஒரு ரவுண்டு அத்தைக்கு வேண்டும்.

வெள்ளிக்கிழமை பயிற்சி ஓட்டம். கடையில் பெரிய எழுத்தில் சிவப்பாக ஒரு 'எல்' போர்டு பிரிண்ட் போட்டு மெஷினின் முதுகில் ஒட்டிவிட்டேன். அத்தை அதோடு முழுத் தடத்தையும் சுற்றி வந்தாள். மேடையில் இருந்த கொஞ்சநஞ்சப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்று சாயங்காலம் அத்தை என் தோளில் பாசமாகக் கை போட்டு, "கடைக்குப் போய் உப்பு வாங்கிட்டு வாடி" என்றாள். போகும் வழியெல்லாம் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மளிகைக்கடைக்காரர்தான் என் முதுகிலிருந்து அந்த போர்டை உரித்துக் கொடுத்தார்.

சனிக்கிழமைதான் வினை வந்தது.

மெஷினில் தூசி கிளம்பாமல் இருக்கத் தண்ணீர் தெளிக்கும் வசதி உண்டு. ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு லீவர், இழுத்தால் தண்ணீர். பந்தயத் தடத்தில் தண்ணீரே கூடாது, கார் சக்கரம் வழுக்கிவிடும் என்று சூப்பர்வைசர் தலைபாடாக அடித்துக்கொண்டார். அத்தையும் சரி சரி என்றாள். தடம் முழுக்கக் காய்ந்த பிரஷ்ஷோடுதான் போனாள். பேக்கரி வளைவுக்கு வந்தாள். அங்கே மட்டும் சர்ரென்று தண்ணீர் பீய்ச்சியடித்தது. வளைவு முழுக்க ஈரம்.

தகுதிச் சுற்று தொடங்க வேண்டிய நேரம். கார்கள் உறுமிக்கொண்டு காத்திருக்க, யூனிஃபார்ம் போட்ட ஆட்கள் மண்டி போட்டுத் துணியால் ரோட்டைத் துடைத்தார்கள். குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டுவதுபோலத் துவட்டினார்கள். ஒலிபெருக்கி தாமதத்துக்குக் காரணம் சொல்லிக்கொண்டே இருந்தது. சூப்பர்வைசருக்குப் போன் மேல் போன். சாயங்காலம் அவர் அத்தையிடம் வந்து, முகத்தைப் பார்க்காமல், "நாளைக்கு ரேஸ் நடத்துறவங்க அவங்ககிட்ட இருக்கிற சின்ன மெஷினை வச்சே கூட்டிக்கட்டும்மா. நீ அவசரத்துக்கு ஷெட்ல இரு" என்றார்.

அத்தை வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள். ஜன்னல் திரையை ஒதுக்கி, தடத்தின் விளக்குகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.

"ஏன் அத்தை தண்ணி விட்டே?"

"நான் எங்க விட்டேன்? கை போயிடுச்சு."

"எங்க போச்சு? ரெண்டும் இங்கதானே இருக்கு."

சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு அவள் சிரிக்காமல் இருப்பது புதிதில்லை. ஆனால் பதிலுக்குத் திட்டுவாள். அதுவும் இல்லை.

"அவர் சொன்னதும் நல்லதுதான்டி" என்றாள். "அந்த வளைவுல திரும்பப் போனா கை சும்மா இருக்கும்னு எனக்கே நம்பிக்கை இல்ல. எதிர் வீட்டு அக்காகிட்ட சொல்லிடு, நாளைக்கு நான் ஓட்டலைன்னு."

நான் சொல்லவில்லை.

ஞாயிறு காலை அத்தைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். ஷெட்டில் மெக்கானிக் ஒரு லாரிக்கு அடியில் கிடந்தார், கால் மட்டும் தெரிந்தது. அத்தை கை கழுவப் போயிருந்தாள். டப்பாவை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதற்கப்புறம் தண்ணீர் லீவர் ஏதோ பூப்போட்ட துணியால் பக்கத்துக் கம்பியோடு இறுக்கிக் கட்டப்பட்டிருந்ததாம், இழுத்தாலும் அசையாத மாதிரி. யார் கட்டியது என்று எனக்குத் தெரியாது. மெக்கானிக்காக இருக்கும். ரொம்ப நல்ல மனிதர்.

எனக்கு டிக்கெட் கிடையாது. பேக்கரி மாடியில் மாவு மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஜன்னல் உண்டு. வளைவு அப்படியே காலடியில் தெரியும். அங்கே பேக்கரி ஆட்கள் எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். ரொட்டி மாஸ்டர் எனக்கு ஒரு மூட்டையில் இடம் கொடுத்தார்.

"எங்க உங்க அத்தை? காணோமே?"

விஷயத்தைச் சொன்னேன். மாஸ்டர் முகம் மாறிவிட்டது.

"இந்த வளைவுல தண்ணி விட்டதுக்கா?"

"ஆமா. கேட்டா கை போயிடுச்சுங்குது."

"போகாம? ராத்திரியெல்லாம் அடுப்புல வெந்துட்டு, விடியறப்போ நாங்க இந்தப் பிளாட்பாரத்துலதானே வரிசையாப் படுப்போம். உங்க அத்தை வண்டி வரும். எங்க மூஞ்சில தூசி பறக்கக் கூடாதுன்னு இந்த இடத்துல மட்டும் தண்ணியத் தெளிச்சு மெதுவா கூட்டிட்டுப் போவாங்க. அவங்க போனப்புறம் ரோடு ஜில்லுன்னு இருக்கும். அதுலதான் எங்களுக்குத் தூக்கமே வரும். நாங்க தூங்குறோம்னு நெனச்சுக்குவாங்க. நாங்களும் அப்படியே கண்ண மூடிக்குவோம்."

எத்தனை வருடம் பக்கத்து சீட்டில் போயிருக்கிறேன். தாலாட்டு எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாவு கண்ணில் விழுந்துவிட்டது. பேக்கரி என்றால் அப்படித்தான்.

அப்போது பெரிய பந்தயத்துக்கு முன்னால் ஓடும் சின்னப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. கடைசிச் சுற்றில் இரண்டு கார்கள் எங்கள் வளைவில் ஒன்றையொன்று உரசிச் சுவரில் மோதின. ஓட்டியவர்கள் எழுந்து நடந்து போய்விட்டார்கள். கார்கள்தான் அப்பளமாக நொறுங்கின; அவற்றைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் துணுக்குகள் ரோடு முழுக்கச் சிதறிக் கிடந்தன. ஏற்பாட்டாளர்களின் மெஷின் தடத்தின் மறுகோடியில் எண்ணெய் கொட்டிய இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. பெரிய பந்தயத்துக்கோ நேரம் ஆகிவிட்டது.

சூப்பர்வைசர் ஷெட்டுக்கு ஓடிப் போனாராம்.

"வண்டிய எடும்மா! ஆனா தண்ணி மட்டும்..."

"தெரியும் சார்" என்றாளாம் அத்தை. தொப்பியை ஃப்ரிட்ஜ் மேல் விட்டுவந்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, பையில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள்.

மெஷின் வளைவுக்குள் வந்தது. மேடை முழுக்க ஜனம். பெரிய திரையில் அத்தையின் முகம் ஒரு வீட்டளவுக்குத் தெரிந்தது. பிரஷ்கள் துணுக்குகளை வாரி வாரி உள்ளே தள்ளின. பேக்கரி வாசலுக்கு நேராக வந்தபோது அத்தையின் வலது கை ஸ்டியரிங்கை விட்டுத் தானாகக் கீழே போனது. சூப்பர்வைசர் சுவரோரம் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

கை லீவரைத் தொட்டது. நின்றது. அத்தை குனிந்து பார்த்தாள்.

ரோட்டில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

மாஸ்டர்தான் முதலில் ரொட்டித் தட்டை எடுத்து ஜன்னல் கம்பியில் அடித்தார். அப்புறம் எல்லோரும் ஆளுக்கொரு தட்டு. நான் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தேன். அதில் எனக்கு முறையான பயிற்சி உண்டு. சத்தத்தைக் கேட்டு மேடை திரும்பிப் பார்த்தது, முதலில் சிரித்தது, அப்புறம் ஒவ்வொரு வரிசையாக எழுந்து கைதட்ட ஆரம்பித்தது. எதிர் வீட்டு அக்கா, "எங்க பில்டிங்! எங்க பில்டிங்!" என்று கத்தியது ஒலிபெருக்கியையும் மீறிக் கேட்டது. அத்தை அண்ணாந்து எங்கள் ஜன்னலைப் பார்த்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்ற அந்தக் கையைத் தூக்கி ஆட்டினாள். அப்புறம் அதே வேகத்தில், அதாவது வேகமே இல்லாமல், மீதித் தடத்தைக் கூட்டப் போய்விட்டாள். அத்தனை கார்களும் காத்திருந்தன.

அதற்கப்புறம் ஒரு பந்தயம் நடந்தது. யாரோ ஜெயித்தார்கள். பரிசு மேடையில் ஏறிப் பாட்டிலைக் குலுக்கி ரோடெல்லாம் நுரையடித்தார்கள். திங்கட்கிழமை அதைக் கழுவியது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? அன்று விடியற்காலை நானும் அந்தக் குட்டி சீட்டில் ஏறிக்கொண்டேன். முழங்கால் இடித்தது. கோணி தேவைப்படவில்லை. பேக்கரி வளைவில் மாஸ்டரும் மற்றவர்களும் வரிசையாகப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். அத்தை லீவரை இழுத்தாள், தண்ணீர் தெளித்தது. கட்டியிருந்த துணியைக் காணவில்லை. நானும் கேட்கவில்லை.

இவ்வளவையும் எழுதி முடித்து நிமிர்ந்தால், தோளுக்குப் பின்னால் அத்தை. எப்போது வந்து நின்றாளோ தெரியாது. கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டாள்.

"லீவரைக் கட்டினது மெக்கானிக்கா?"

"வேற யாரு?"

அத்தை இடுப்பிலிருந்து அந்தப் பூப்போட்ட துணியை எடுத்தாள். ஜன்னலுக்குப் போய், திரையின் கீழ் ஓரத்தில் வைத்து நீவினாள். திரையில் பாதி, துணியில் பாதி என்று பிரிந்துகிடந்த பூக்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டு முழுசாயின.

"நல்ல மனுஷன்தான்டி" என்றாள். "நம்ம வீட்டுக்குப் படியேறி வந்து, நம்ம திரையை அளவாக் கிழிச்சுக்கிட்டு, உன் தூக்கத்தக்கூடக் கெடுக்காம இறங்கிப் போயிருக்காரு."

ஊசியில் நூலைக் கோத்து, நான் எழுதிய பக்கத்தின் மேலேயே வைத்தாள்.

"வந்து தச்சுக் குடுத்துட்டுப் போகச் சொல்லு."